யோகாசனத்தில் பாதுகாப்பு: கோணமா, சுமையா?

யோகாசனத்தை அறிவியல் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இன்று ஒரு வழி எளிதாகக் கிடைக்கிறது. தோழியை வீரபத்ராசனத்தில் நிற்கவைத்து மடிக்கணினியின் கேமராவில் படம் பிடிக்கலாம். இலவச மென்பொருளைக் கொண்டு முழங்கால், இடுப்பு, தோள் ஆகியவற்றின் கோணங்களைக் கணக்கிட்டு, நூலில் உள்ள படத்தோடு ஒப்பிடலாம். பொருந்தினால் திரையில் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. கண்காட்சி மேசையில் இது கூட்டம் சேர்க்கும். ஆனால் ‘பச்சை என்றால் பாதுகாப்பு’ என்று விளக்க அட்டையில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படத்தோடு பொருந்துகிறதா என்பது ஒரு கேள்வி. உடலுக்குத் தீங்கு வராமல் இருக்குமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்ததுமே இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது மாணவர்களிடம் மட்டுமல்ல, யோகா வகுப்புகளிலும் கைபேசிச் செயலிகளிலும் காணப்படும் பழக்கம்.

யோகா ஆசிரியர்கள் ‘அலைன்மென்ட்’ என்று சொல்லும் உடல் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பு என்ன? இதுவரை வந்துள்ள சான்றுகள் எதைக் காட்டுகின்றன? பள்ளி மாணவர் எதை அளந்தால் இந்தக் கேள்வி ஓரடியாவது முன்னேறும்? இம்மூன்றையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

ஒரு குரு, இரு வழிகள்

மூட்டு மூட்டாகக் கோணம் பார்ப்பது யோக மரபில் மிகப் பழைய வழக்கமன்று. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. இருக்கை உறுதியாகவும் இதமாகவும் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கிறது; அங்கும் ஆசனம் எட்டு உறுப்புகளில் ஒன்றுதான். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையும், பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களையும் விவரிக்கின்றன. இன்றைய வகுப்புகளை நிறைத்திருக்கும் நின்ற நிலை ஆசனங்களும், பாதம் முதல் தலை வரை அவற்றுக்குச் சொல்லப்படும் நுணுக்கமான விதிகளும் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தவை.

ஆய்வுக்கூடம் யோகத்துக்குள் நுழைந்ததும் அந்த நூற்றாண்டில்தான். சுவாமி குவலயானந்தர் 1924இல் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். யோகப் பயிற்சியின்போது உடலுக்குள் நிகழ்வதை எக்ஸ்ரே, அழுத்தமானி ஆகியவற்றைக் கொண்டு சோதித்தார். ‘யோக மீமாம்சா’ என்ற ஆய்விதழும் அவர் தொடங்கியதே. பள்ளி மாணவர் இன்று செய்யும் யோகா செயல்திட்டத்துக்கு முன்னோடி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அலைன்மென்ட் பற்றிய விவாதத்தின் வேர் மைசூரிலும் சென்னையிலும் இருக்கிறது. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சார்யா, பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து 1989இல் மறையும்வரை இங்கேயே கற்பித்தார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் ‘லைட் ஆன் யோகா’ நூலை வெளியிட்டார். நூற்றுக்கணக்கான புகைப்படங்களோடு வந்த அந்த நூல், ஆசனம் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதற்கு உலகெங்கும் அளவுகோலாயிற்று. கட்டை, பட்டை, கயிறு, நாற்காலி என உபகரணங்களின் துணையோடு உடலை ஒழுங்குக்குக் கொண்டுவரும் முறையும் அவருடையது. கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் டி.கே.வி. தேசிகாச்சாரோ பொறியியல் படித்தவராக இருந்தும் கோணங்களின் பக்கம் போகவில்லை. 1976இல் அவர் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம், ஒவ்வொருவரின் வயது, நோய், தொழில் ஆகியவற்றுக்கேற்ப ஆசனத்தை மாற்றித் தரும் வழியை வளர்த்தது.

இருவரும் நாடியது பாதுகாப்பையே. ஐயங்கார் நிலையைத் திருத்தி உடலைக் காக்கப் பார்த்தார். தேசிகாச்சார் உடலைப் பார்த்து நிலையை மாற்றினார். ஒரே குருவிடமிருந்து கிளைத்த இந்த இரண்டு வழிகளில் எது பாதுகாப்பானது என்பதைப் பக்தியாலோ பற்றாலோ முடிவுசெய்ய இயலாது. காயங்களின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

காயங்களின் கணக்கு

யோகத்தால் வரும் தீங்கு பற்றிய எண்களைப் படிக்கும்போது, அவை எந்த வழியில் திரட்டப்பட்டவை என்று முதலில் கேட்க வேண்டும். மருத்துவ இதழ்களில் தனித்தனியாக வெளியான நேர்வுகளைத் தொகுத்து ஹோல்கர் கிராமரும் அவரது குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதில் மொத்தம் 76 பேரின் பாதிப்புகள் இடம்பெற்றன. தசை, எலும்பு, நரம்பு, கண் ஆகியவையே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. சிரசாசனம், சர்வாங்காசனம், பத்மாசனம் ஆகியவற்றின் பெயர்கள் அடிக்கடி வந்தன. இத்தகைய தொகுப்பு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். எவ்வளவு ஆபத்து என்று காட்டாது. எத்தனை பேர் அதே ஆசனத்தைச் செய்து நலமாக எழுந்தார்கள் என்ற எண் அதில் இல்லை.

அந்தக் குறையை அதே குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு ஓரளவு நிரப்பியது. 94 கட்டுப்பாட்டுச் சோதனைகளில் பங்கேற்ற 8,430 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடும் மற்ற உடற்பயிற்சி செய்தவர்களோடும் ஒப்பிட்டால் யோகம் செய்தவர்களுக்குத் தீங்கு கூடுதலாக இல்லை. ஆயினும் சோதனைகளில் சேர்க்கப்படுபவர்கள் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டவர்கள், கற்பிப்பவரும் கண்காணிக்கப்படுபவர். தெருமுனை வகுப்பில் இருக்கும் நிலைமை அதுவன்று.

வகுப்புக்குப் போகும் சாதாரண மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 354 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வில், யோகத்தால் புதிதாக வலி வந்ததாக 10.7 விழுக்காட்டினர் தெரிவித்தனர். இன்னொரு பக்கம், ஏற்கெனவே வலியோடு வந்தவர்களில் 74.3 விழுக்காட்டினருக்கு அது குறைந்தது, 21.3 விழுக்காட்டினருக்குக் கூடியது. அதே நாட்டில் 2001 முதல் 2014 வரை மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த யோகக் காயங்கள் ஏறத்தாழ 29,590 என மதிப்பிடப்பட்டது. 2014இல் 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களில் இலட்சம் பேருக்கு 11.9 என்றிருந்த விகிதம், 65 வயதைக் கடந்தவர்களில் 57.9. ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆசனம் மாறவில்லை, அதைச் செய்யும் உடலின் வயது மாறியிருக்கிறது.

இந்த நான்கு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுப்படம் கிடைக்கிறது. யோகம் மற்ற உடற்பயிற்சிகளைவிட ஆபத்தானதன்று. ஆபத்தே இல்லாததும் அன்று. ஆபத்து எல்லாருக்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில ஆசனங்களிலும் சில உடல்களிலும் குவிந்திருக்கிறது.

கோணம் சரியாக இருந்தும் வரும் தீங்கு

குவிந்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அலைன்மென்ட் வாதத்துக்குச் சங்கடமான உண்மை ஒன்று வெளிப்படுகிறது.

1971இல் ஜோசப் சூசிட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், நாள்தோறும் மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் அமர்ந்த கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனதைப் பதிவுசெய்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பை ஒட்டித் தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு நெடுநேரம் அழுந்தியிருந்தது. தொல்லை தந்தது வஜ்ராசனத்தின் வடிவமன்று, அதில் கழித்த நேரம்.

கண்ணழுத்தம் அடுத்த சான்று. சென்னை சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் யோகப் பயிற்சி உடைய 75 பேரிடம் சிரசாசனத்தின்போது கண்ணழுத்தத்தை அளந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அவர்கள் புதியவர்கள் அல்லர், தேர்ந்தவர்கள். கண்நீர் அழுத்த நோயாகிய குளுக்கோமா உள்ளவருக்கு அப்பழுக்கற்ற சிரசாசனமும் ஆபத்தானதே.

கழுத்துக்கு வரும் சுமையும் அளக்கப்பட்டிருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சிரசாசனத்தில் ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் தலை தாங்கும் உச்ச விசை உடல் எடையில் 40 முதல் 48 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 24 முதல் 29 கிலோ. தலையின் எடையை மட்டும், அதாவது நாலைந்து கிலோவை மட்டும் சுமந்து பழகிய கழுத்துக்கு இது ஐந்தாறு மடங்கு. ஏறும் முறையைப் பொறுத்துச் சுமை மாறுகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. இங்கே அலைன்மென்ட்டுக்கும் நுட்பத்துக்கும் உண்மையான பங்கு இருக்கிறது. ஆனால் அது சுமையைச் சற்றுக் கூட்டிக் குறைக்கிறதேயன்றி நீக்கிவிடுவதில்லை.

எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களின் நிலை இன்னும் தெளிவானது. மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாகியின் 1984ஆம் ஆண்டு ஆய்வில், முன்னால் குனியும் பயிற்சிகளை மட்டும் செய்த பெண்களில் 89 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல் முறிவுகள் காணப்பட்டன. பின்னால் நிமிரும் பயிற்சிகளைச் செய்தவர்களில் அது 16 விழுக்காடு. குழுக்கள் சிறியவை, பயிற்சிகளும் யோகப் பயிற்சிகள் அல்ல. என்றாலும் பச்சிமோத்தாசனமும் பாதஹஸ்தாசனமும் அந்த முதுகுக்குத் தருவது அதே வகைச் சுமைதான்.

குனிவது முதுகுக்கு ஏன் சுமையாகிறது என்பதை 1999இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனை எண்ணால் காட்டியது. தன்னார்வலர் ஒருவரின் கீழ்முதுகு வட்டுக்குள் உணரியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், நின்று குனிந்தபோது 1.1, குப்புறப் படுத்தபோது 0.1. உடலின் பெரும்பகுதி எடை இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. குனியும்போது அந்த எடையின் ஈர்ப்புமையம் இடுப்பை விட்டு முன்னே போகிறது. நெம்புகோலின் கை நீள்கிறது. அதை ஈடுகட்ட முதுகுத் தசைகள் இழுக்கும் இழுப்பும் வட்டின்மேல்தான் விழுகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் விசைத்திருப்புத்திறனைத் தவிர இதில் வேறு மர்மம் இல்லை.

விதிகளைச் சோதித்தால்

வகுப்புகளில் ஒலிக்கும் அலைன்மென்ட் விதிகளில் புகழ்பெற்றது, முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது. உத்கடாசனத்திலும் வீரபத்ராசனத்திலும் இதைக் கேட்காத மாணவர் இல்லை. யோகத்தில் அல்லாமல் பளுதூக்கும் ஸ்குவாட் பயிற்சியில் இந்த விதி 2003இல் சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஏழு ஆண்கள், முழங்கால் முன்னே போகாதபடி பலகை தடுத்தபோதும் தடை இல்லாதபோதும் உட்கார்ந்து எழுந்தார்கள். தடுத்தபோது முழங்காலில் திருப்புத்திறன் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28இலிருந்து 303 ஆக உயர்ந்தது. முழங்காலில் தேய்மானம் உள்ளவருக்கு விதி நல்லது. இடுப்பிலோ கீழ்முதுகிலோ கோளாறு உள்ளவருக்கு அதே விதி சுமையைத் தவறான இடத்துக்குத் தள்ளிவிடும். அலைன்மென்ட் விதி சுமையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. யாருக்கு எந்த மூட்டு பலவீனமானது என்று தெரியாமல் ‘சரியான கோணம்’ என்று ஒன்றைச் சொல்வது அரைகுறை அறிவுரை.

எலும்பின் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தொடை எலும்பின் கழுத்துப்பகுதி முன்னோக்கித் திரும்பியிருக்கும் அளவு பிறக்கும்போது 30 பாகைக்கு மேல் இருந்து, வளர்ந்தபின் சராசரியாக 15 பாகையளவுக்குக் குறைகிறது. பெரியவர்களிலும் இந்த அளவு பரவலாக வேறுபடும். பத்மாசனத்தில் கால் எவ்வளவு புறமாகத் திரும்பும் என்பதை முடிவுசெய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எலும்பு தடுக்கும் இடத்தில் வலிந்து திருப்பினால் முறுக்கு முழங்காலுக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். அதைக் கண்டறிய ஒன்பது புள்ளிகள் கொண்ட பெய்ட்டன் அளவுகோல் இருக்கிறது. அத்தகைய பிள்ளைகள் படத்தில் உள்ளதுபோலவே அழகாக வளைவார்கள். மேடையில் கைதட்டலும் வாங்குவார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவை இன்னும் வளைவதன்று, மூட்டைத் தாங்கும் தசைவலு.

கேமராவின் கண்

கணினிப் பார்வையின் வளர்ச்சிதான் யோகா செயல்திட்டங்களுக்குப் புதுப்பாதை திறந்தது. படத்தில் உடலின் மூட்டுகளைக் கண்டறியும் மென்பொருளான, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்போஸ் 2017இல் வந்தது. கூகுளின் பிளேஸ்போஸ் 2020இல் வந்தது. சாதாரணக் கைபேசியிலேயே உடலின் 33 புள்ளிகளைக் கண்டுகொள்கிறது. 2019இல் இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு முறை, ஆறு ஆசனங்களை நேரலையில் 98.92 விழுக்காடு துல்லியத்தோடு அடையாளம் கண்டது. வியப்புக்குரிய சாதனைதான். ஆனால் அது காட்டுவது, ‘இது திரிகோணாசனம்’ என்று கணினி சொன்னால் நம்பலாம் என்பதையே. ‘இந்தத் திரிகோணாசனம் இவருக்கு நல்லது’ என்பதற்கு அந்த எண்ணில் ஆதாரம் இல்லை.

மாணவர் கவனிக்க வேண்டிய குறைகள் இரண்டு. முதலாவது, பிளேஸ்போஸின் 33 புள்ளிகளில் முகத்தில் 11 இருக்கின்றன. முதுகெலும்பில் ஒன்றுகூட இல்லை. தோளையும் இடுப்பையும் நேர்கோட்டால் இணைப்பதால், முதுகு நிமிர்ந்திருந்தாலும் கூன் விழுந்திருந்தாலும் கணினிக்கு ஏறத்தாழ ஒன்றுதான். குனியும் ஆசனங்களில் மிகுதியாகக் கவலைப்பட வேண்டிய உறுப்பே அதன் பார்வையில் இல்லை.

இரண்டாவது, கேமரா நிற்கும் இடம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கும் தொடை, கேமரா 30 பாகை விலகினால் படத்தில் 41 பாகையாகத் தெரியும்; 45 பாகை விலகினால் 35 பாகையாகத் தெரியும். தோழி அசையவே இல்லை, பத்து பாகை காணாமல் போய்விட்டது. ஐந்து பாகை வித்தியாசத்துக்குச் சிவப்பு விளக்கு எரியவிடும் திட்டம், உடலின் பிழையைக் கண்டதா, கேமராவின் பிழையைக் கண்டதா என்று நடுவர் கேட்டால் விடை சொல்ல வேண்டும். தளர்வான சுடிதாரும் வேட்டியும் மூட்டுப் புள்ளிகளை மறைப்பது தனிக்கதை.

நல்ல செயல்திட்டம் எப்படி இருக்கும்?

1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது, தம்மைச் சுற்றியுள்ள சிக்கலை அளந்து, பதிந்து, முடிவுக்கு வருவதை. ஆறாம் வகுப்பு முதல் தொடங்கும் இன்ஸ்பயர் மானக் திட்டம் புதிய எண்ணத்துக்கு 10,000 ரூபாய் தருகிறது. இரண்டுக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்.

‘யோகம் பாதுகாப்பானதா?’ என்பது மாணவர் தாங்க முடியாத கேள்வி. ‘வீரபத்ராசனத்தில் இரண்டு பாதங்களுக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தால் முன்காலின்மேல் விழும் எடை எவ்வளவு மாறுகிறது?’ என்பது தாங்கக்கூடியது. ஒரே உயரமுள்ள இரண்டு எடை பார்க்கும் மிஷின்களைப் பாதங்களுக்குக் கீழே வைத்தால் போதும். இதில் ஒரு வசதியும் உண்டு. இரண்டு மிஷின்களும் காட்டும் எண்களின் கூட்டுத்தொகை அவரது உடல் எடையாக வர வேண்டும். வராவிட்டால் அளவீட்டில் பிழை. தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இத்தகைய சோதனை கேமராவில் கிடைக்காது. கைகளையும் பாதங்களையும் ஊன்றும் அதோமுக சுவானாசனத்திலும் இதையே செய்து, கைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். மிஷின் நழுவாதபடி கீழே ரப்பர் விரிப்பு போட வேண்டும். விருக்ஷாசனத்தில் இடுப்பில் கட்டிய கைபேசியின் முடுக்கமானி, சுவரைத் தொட்டு நிற்கும்போதும் தொடாமல் நிற்கும்போதும் உடல் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும்.

கோணத்தை அளந்தே தீர வேண்டுமானால், ஒரே படத்தை இரண்டு மாணவர்கள் ஒருவர் அறியாமல் ஒருவர் அளந்து, இருவருக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு வருகிறது என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். அந்த வேறுபாட்டைவிடச் சிறிய மாற்றம் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆசனத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிடுவதானால் ஒருவரையே இரண்டிலும் அளக்க வேண்டும். எந்த வடிவம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். கோணத்தோடு, எங்கே இழுக்கிறது, எங்கே வலிக்கிறது என்று செய்பவரிடமே கேட்டு எழுத வேண்டும். எந்த மென்பொருளுக்கும் தெரியாத செய்தி அது.

பங்கேற்பவரும் பிள்ளைகளே என்பதால் முறைகள் கண்டிப்பானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு 7 முதல் 12 வயதுப் பிள்ளையின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வயதுவரை எழுத்து இசைவையும் கேட்கின்றன. பள்ளிச் செயல்திட்டத்துக்கும் அதே அளவுகோலைக் கொள்வது நல்லது. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றை மாணவர் சோதனையில் சேர்க்கவே கூடாது. உடற்கல்வி ஆசிரியரோ யோகா ஆசிரியரோ அருகில் இருக்க வேண்டும். வலி என்று சொன்ன உடனே நிறுத்த வேண்டும்.

முடிவுரை

சான்றுகள் ஒரு திசையில்தான் போகின்றன. அலைன்மென்ட் பயனற்றதன்று, சுமை எந்த மூட்டுக்குப் போகிறது என்பதை அது மாற்றுகிறது. ஆனால் பாதுகாப்பை முடிவுசெய்பவை அந்தச் சுமையின் அளவு, அது நீடிக்கும் நேரம், அதைத் தாங்கும் உடலின் வயது, நோய், எலும்பமைப்பு ஆகியவை. இவற்றில் எதுவும் படத்தில் தெரிவதில்லை. படத்தோடு பொருந்துவதைப் பாதுகாப்பு என்று சொல்லும் ஆசிரியரும் செயலியும் கண்காட்சி அட்டையும் சான்றுக்கு மேல் பேசுகிறார்கள்.

யோகா ஆசிரியர்கள் முதல் நாளிலேயே கண்ணழுத்தம், இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கழுத்துவலி, கருவுற்ற நிலை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். கோணம் திருத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அறிவியல் கண்காட்சி நடுவர்கள் பச்சை விளக்குக்கு மதிப்பெண் போடுவதற்கு முன், அளவீட்டின் பிழை எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்கட்டும். செயல்திட்டம் செய்யும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இரண்டு எடை மிஷின்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு நேர்மையாக அளந்த ஓர் எண், திரையில் ஒளிரும் நூறு கோணங்களைவிட இந்தத் துறைக்குப் பயன்படும்.